டைகருக்குப் பல் முளைத்த காலம்

பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைக் கடிக்காமல் பழக்குவதற்குக் கண்டியிலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வருகிறார். நேற்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். குட்டி அவர் கையைக் கவ்வியது. "ஆ!" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பாடத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையே ஒருமுறை மிரண்டு போனார், தெரியுமா?

நாய்க்குட்டி வாயில் ஒரு பால்வாடை அடிக்குமே, நோர்வூட் ஊருக்கு மேலே, வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அது இரண்டு வாயிலிருந்து அடிக்கும். ஒன்று கைக்குழந்தையாயிருந்த என் தம்பி, மற்றது என் குட்டி டைகர். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் பல் முளைத்தது. பால் குடிக்கும்போது தம்பி கடித்தால், அம்மா "ஆவ்!" என்று கத்தி அவனை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். டைகர் என் கணுக்காலைக் கவ்வியபோதும் அதே வைத்தியந்தான் சொன்னாள்.

"அடிக்காத புள்ள. கத்திட்டு மூஞ்சத் திருப்பிக்க. வெளாட ஆளில்லன்னா அதுவா விட்டுரும்."

சத்தம் கேட்டதும் அடுத்த காம்பரா ராமாயி அத்தை சுவருக்கு அப்பாலிருந்து விசாரிப்பாள்: "யாருடி கடிச்சா, சின்னவனா, நாயா?"

வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஒருநாள் காலை எல்லாரையும் நிறுத்திவைத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார்: துரை லயம் பார்க்க வருகிறார், கடிக்கிற நாய் எதுவானாலும் காவலுக்கு நிற்கும் வாச்சர் சுட்டுவிடுவார். டைகரைத் தூக்கிக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போனேன். எல்லாரிடமும் பழகட்டும், கடித்தால் எல்லாரும் ஒரே மாதிரி கத்தித் திரும்புங்கள் என்று அழாக்குறையாகக் கெஞ்சினேன். முனியாண்டி மாமாதான் முறுக்கிக்கொண்டார்.

"என் பொஞ்சாதி மூஞ்சத் திருப்புறது பத்தாதா? நாய்க்கு நான் வேற திருப்பணுமா?"

அப்புறம் அவர்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். கொழுந்துக்கூடை, ஈரக் கம்பளி, குடை எல்லாவற்றையும் முகர்ந்து முகர்ந்து டைகர் பசு மாதிரி சாதுவாகிவிட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன், மடச்சி! லயம் முழுக்க வெறுங்கால். காலுறை என்ற ஒன்றை டைகர் கண்ணால் கண்டதில்லை.

துரை முழங்கால்வரை காலுறை போட்டு வந்தார். டைகர் ஒரே பாய்ச்சலில் அதைக் கவ்வியது! துரை அலறியதுதான் தாமதம், லயமே பழக்கதோஷத்தில் "ஆவ்!" என்று கத்திவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. விளையாட ஆளில்லாத டைகர் காலுறையை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. துரை நாயைப் பார்க்கவேயில்லை. வரிசையாக நின்ற முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சங்கங்கள் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்த காலம் அது.

"கணக்கப்பிள்ளை, இது ஸ்ட்ரைக்கா? இவங்களுக்கு என்னா வேணும்?"

கணக்கப்பிள்ளை வாயைத் திறக்குமுன் அம்மா சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"நாயச் சுடாதீங்க தொரை. அது இங்கயே இருந்துட்டுப் போகட்டுங்க."

"அவ்வளவுதானா? சரி, சரி. நாய் இருக்கலாம்!"

துவக்கோடு நின்ற வாச்சரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். முனியாண்டி மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவேயில்லை. "அடச்சே, ஒழுகுற கூரையையும் சேத்துக் கேட்டிருக்கலாமே!" என்று வருஷக்கணக்காகப் புலம்பினார்.

டைகருக்குக் கிழடு தட்டிய காலத்தில்தான், இன்னார் இங்கே, இன்னார் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி எங்களைப் பிரித்தார்கள். ராமாயி அத்தை போனாள். முனியாண்டி மாமா, அந்த ஒழுகும் கூரைக்குக் கீழேயே பிறந்தவர், ஹட்டன் ஸ்டேஷனில் குழந்தை மாதிரி அழுதபடி ரயிலேறினார். லயத்தில் பாதிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. இங்கேயே இருக்கலாம் என்ற அனுமதி கேட்டவுடன் கிடைத்தது எங்கள் லயத்தில் டைகர் ஒருவனுக்குத்தான்.