திரும்பி வந்த டிஸ்க்கை நம்பாதே

டிஸ்க் செத்தால் எங்களை யாரும் திட்டுவதில்லை. செத்துவிட்டது என்று நாங்கள் எழுதிவைத்த டிஸ்க் உயிரோடு திரும்பி வந்தால்தான் எங்களுக்குச் சாவு.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவான் என்ற ஊரில் ஒரு கம்பெனி. இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை எழுதிப் பாதுகாக்கும் சேமிப்புப் பெட்டி செய்கிறது. கடைக்காரர்கள், ஸ்டூடியோக்காரர்கள் வாங்குவார்கள். அந்தப் பெட்டியை இயக்கும் அடி நிரலான கெர்னலுக்குள், எந்த டிஸ்க் நம்முடையது, எது காணாமல் போனது, எதை நம்பலாம் என்று முடிவு செய்யும் பகுதி என் பொறுப்பு. பட்டம் கிடையாது. புக்கிட் தெங்காவில் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டே, பிறர் எழுதிய நிரலைப் படித்துப் படித்துக் கற்றது. அதனால் ஐம்பதை நெருங்கியும் வருஷக் கான்ட்ராக்ட், இரவு ஷிஃப்ட். இதே பிழைப்பில் கண்ணும் முதுகும் போனவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பென்டிரைவ்

நான் டிஸ்க் வேலை பார்ப்பதாக என் மனைவி ஃப்ளாட் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். மேல்மாடி அக்கா ஒருநாள் செத்த பென்டிரைவ் ஒன்றோடு வந்தார். செருகிப் பார்த்தேன். தான் இருப்பதாகக்கூட அது சொல்லவில்லை. சிப் போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு பென்டிரைவையே தொறக்கத் தெரியல, ராத்திரி பூரா அங்க என்னதான் பண்றீங்க?"

ஜெராக்ஸ்

பரமேஸ்வரி எங்கள் டெஸ்டிங் பிரிவு. ஒரு டிஸ்க்கைச் சோதனைக்குத் தயார்செய்ய மூன்று மணி நேரம் ஆகும். அவள் குறுக்குவழி கண்டுபிடித்தாள்: தயாரான டிஸ்க்கை அச்சு அசலாக இன்னொன்றில் பிரதி எடுத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டாள். கெர்னல் டிஸ்க்கை அடையாளம் காண்பது அது இருக்கும் இடத்தை வைத்தல்ல. அதன் தலைப்பில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து. இப்போது இரண்டிலும் ஒரே எண். ஒரே டிஸ்க்தான் இடம் மாறி மாறி உட்காருகிறது என்று நினைத்து, கெர்னல் கொஞ்சம் இதிலும் கொஞ்சம் அதிலும் எழுதித் தள்ளியது.

தப்பு என்னுடையது என்று இரண்டு நாள் என் நிரலையே குடைந்தேன். மூன்றாம் நாள்தான் பிரதி எடுத்த கதை அவள் வாயிலிருந்து வந்தது.

"டிஸ்க்குக்குக்கூட மனுஷனுக்கு இருக்கற மாதிரி ஐசி கார்டு நம்பர் இருக்குன்னு எனக்கென்ன அண்ணே தெரியும்? நான் ஜெராக்ஸ்தானே எடுத்தேன்!"

பதினோரு வரி

கேபிள் தளர்ந்தால் டிஸ்க் கொஞ்ச நேரம் காணாமல் போகும். பிறகு தானே திரும்பி வரும். இடையில் மற்ற டிஸ்க்கில் எழுதியது எதுவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் அடையாள எண் சரியாக இருப்பதால் உள்ளே விட்டுவிடுவோம். இதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை எழுதும்போதும் டிஸ்க்கில் ஒரு வரிசையெண் ஏறும். திரும்பி வந்த டிஸ்க்கின் வரிசையெண் பின்தங்கியிருந்தால் சேர்க்காதே, சிவப்பு விளக்கைப் போட்டு நில் என்று பதினோரு வரி எழுதினேன். நான் எழுதியதில் எனக்கே பிடித்தவை அவைதாம்.

பெட்டி வாங்க வந்தவர்கள் முன்னிலையிலேயே சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி நின்றது. டீம் லீடர் ரவீந்திரன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கேன்டீனுக்குக் கூப்பிட்டார். நிரலின் புதுப் பதிப்பு சொன்ன தேதியில் போனால் என்னை நிரந்தரமாக்கும்படி மேலாளரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்தப் பதினோரு வரியை எடுத்துவிடச் சொன்னார். பழைய டிஸ்க்கை மட்டும் ஒதுக்கிவிட்டு நிற்காமல் ஓடும்படி மாற்றித் தருகிறேன், நான்கு நாள் கொடுங்கள் என்றேன்.

"நாலு நாள்லாம் இல்லலா அண்ணே. பாக்ஸ் ஆன் ஆகலன்னா கஸ்டமர் உடனே போன் பண்ணுவான். உள்ள இருக்கறது பழசுன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?"

பாதிக் கல்யாணம்

எடுத்தேன். நானே, என் பெயரில்.

மூன்று மாதம் கழித்து, ஜார்ஜ்டவுனில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் சாகுல் பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி வந்துவிட்டார். ஒரு படத்தைத் திறந்து காட்டினார். மேல் பாதியில் மணப்பெண். கீழ்ப் பாதியில், நிறம் கலங்கி, வேறு யாரோ கல்யாணத்தின் பந்தி. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பழைய படங்களை அழித்த இடத்தில் புதியவற்றை எழுதியிருக்கிறார். எழுதிய நேரத்தில் ஒரு டிஸ்க் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் கெர்னல் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறது.

நல்ல டிஸ்க்கிலிருந்து மீட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. ஆனால் பெட்டி வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் முதல் டிஸ்க்கில் உள்ளதையே மற்றதிலும் எழுதிவிடும். முதல் இடத்தில் இருந்தது பழையது. நல்லதையும் அது பழசாக்கி வைத்திருந்தது. பாயிடம் சொன்னேன். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பொண்ணோட வாப்பா போன மாசம் மௌத்தாயிட்டாரு தம்பி. அவரு நின்ன படம் பூரா இதுலதான். நான் போய் என்னன்னு சொல்றது?"

யார் எடுத்தது

பதினோரு வரியும் திரும்ப உள்ளே போயின, ரவீந்திரன் பெயரில். விசாரணைக் கூட்டத்தில் மேலாளர் நிரலின் பதிவேட்டைத் திரையில் திறந்தார். சேர்த்தது நான். நீக்கியதும் நான். காரணம் என்ற இடத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருந்ததும் நான். கேன்டீனில் பேசியதற்குப் பதிவேடு கிடையாது. ரவீந்திரன் தன் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே படிக்கட்டில் அவரை நிறுத்தி, நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"நான்தான் சொன்னேன், இல்லேங்கல. சொன்னா செஞ்சிருவீங்களா? இதுல என்னைவிட உங்களுக்குத்தானே அண்ணே தெரியும்!"

மாட்டேன் என்றிருந்தால் அன்றைக்கே போயிருக்கும் வேலை, சரி என்றதால் நான்கு மாதம் கழித்துப் போகிறது. மொத்தத்தில் நான் கண்ட லாபம் அந்த நான்கு மாதம்தான்.