அப்பாவைப் பிடித்து நிறுத்திய வண்டி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. மெர்டேக்கா பிஸ்கட் வந்தது. மெர்டேக்கா கிராப்பு வெட்டிக்கொண்டு சிலர் திரிந்தார்கள். என் அக்காவின் கணவர் மெர்டேக்கா நடைவண்டி செய்தார்.

அப்பாவுக்குக் கால் தள்ளாடத் தொடங்கியிருந்த சமயம் அது. காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைப்பக்கம் தனியாக நின்றது. போகும் வழியெல்லாம் பாசி. அதில் வழுக்கி ஒருமுறை விழுந்தார். முட்டிக்காயம் ஆறுவதற்குள் இன்னொரு முறை. இனி விழுந்து இடுப்பு முறிந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அதை அவரால் தாங்க முடியவில்லை. "விடியறதுக்கு முன்னால தனியா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனவன்டா நான். இதுக்குக்கூடவா ஆளு?" என்பார். தனியாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இது அத்தான் காதுக்கு எட்டியதுதான் எங்கள் கெட்ட காலம். அவர் ஒரு பட்டறையில் இரும்புக் கதவுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டால் இன்ஜினியரிங் என்பார். குழந்தைகள் பிடித்துத் தள்ளி நடை பழகும் மூன்று சக்கர நடைவண்டியைப் பெரியவர் உயரத்துக்குச் செய்து, பச்சைச் சாயம் பூசி, சைக்கிள் மணி ஒன்றும் மாட்டினார். நிற்பவரின் இடுப்பில் தோல் வாரைக் கட்டி முதுகுப்பக்கம் கொக்கி போட வேண்டும். உடம்பு முன்னால் சாய்ந்தால் ஒரு கம்பி இழுபட்டு, சக்கரத்துக்குக் குறுக்கே கட்டை விழும். வண்டி அப்படியே நின்றுவிடும்.

"ஆளே வேணாம் மாமா. விழுறப்போ அதுவே புடிச்சுக்கும். வெள்ளைக்காரன்கூட இன்னும் செய்யல!"

அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "பால் புட்டியும் சேர்த்துக் குடுத்திருக்கலாமே, மாப்பிள்ளை" என்றார். ஆனாலும் பிடித்து நின்றார். தனியாகப் போகலாம் என்ற ஆசை அப்படி.

கொல்லையில் போய்ச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அத்தானுக்கு வரவேயில்லை. கக்கூஸ் வழியில் கைதட்ட யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஆள் கூட்டினார். பட்டறைக் கூட்டாளிகள், எதிர்க்கடைச் சீன முதலாளி, பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் எல்லாரும் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது என்று அத்தான் எல்லாவற்றையும் மலாயிலும் ஒருமுறை பீற்றினார். அக்கா எல்லாருக்கும் ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்தார். நன்றாகத்தான் வந்தார். சாமி படத்துக்கு முன்னால் வந்ததும், எப்போதும் செய்வதுபோல் தலையைத் தாழ்த்திக் கும்பிட்டார். டக்கென்று கட்டை விழுந்தது. வார் இறுகி, அவர் பாதி குனிந்த வாக்கில் மாட்டிக்கொண்டார். நிமிரவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கும்பிடுகிறவனுக்கும் விழுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத வண்டி. அதைச் செய்த மனிதருக்கும் தெரியவில்லை.

"பார்த்தீங்களா! விழுந்தாரா? விழவே இல்ல!" என்று அத்தான் கத்தினார். கூட்டாளிகள் கைதட்டினார்கள். செட்டி அம்மாள் மட்டும் "காசியான்" என்று உச்சுக்கொட்டினார், பாவம் என்று.

"மாப்பிள்ளை, அவுத்து விடுங்க" என்றார் அப்பா.

"இருங்க மாமா, கம்பி எப்படி இழுக்குதுன்னு காட்டிடறேன்."

"மாப்பிள்ளை, எனக்குக் கொல்லைக்குப் போகணும்."

அத்தான் கம்பியைக் காட்டினார். பிறகு கட்டையைக் காட்டினார். கொக்கியை எங்கே வாங்கினார் என்பதையும் சொன்னார். கொக்கி முதுகில் இருந்ததால் அப்பாவின் கை எட்டவில்லை. நான் கூட்டத்துக்கு நடுவே போகிற ஆளே இல்லை. அன்று போனேன். யார் முகத்தையும் பார்க்காமல் கொக்கியைக் கழற்றினேன். கொல்லைக் கதவைத் தாண்டுவதற்குள் அப்பாவின் வேட்டி நனைந்துவிட்டது. பின்னால் மறுபடியும் கைதட்டல் கேட்டது. எதற்கென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கதவுலேருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு மூங்கில் கட்டு. இடுப்பு உயரத்துக்கு. அந்தப் பாசியையும் சுரண்டிப் போடு." கட்டி முடித்தேன். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். "என்னடா வேடிக்கை? உள்ள போ" என்று விரட்டினார். போனேன்.

அத்தான் அடுத்த வாரம் வந்து மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். தன் யோசனையின் அடுத்த கட்டம் என்று அக்காவிடம் சொன்னார். அதோடு விட்டாரா? நேராகக் கக்கூஸ் கதவருகே போய் நின்றுகொண்டார்.

"மாமா, இதுல ரெண்டு மணி மாட்டினா எப்படி இருக்கும்?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் நிதானமாக வந்தது.

"கதவு சாத்தியிருக்கு, மாப்பிள்ளை. அந்தாண்ட போங்க."