அறுபத்தோராவது கட்டு

2006 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். கம்பெனிக்கு விடுமுறை. அலுவலகச் சாவியும் துணி வெட்டும் கட்டிங் செக்ஷன் சாவியும் என் இடுப்பில்தான் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

பேய், ஆவி எதையும் நம்பாதவன் நான். பி.யூ.சி. வரை படித்தவன். கட்டுகளுக்கு எண் போடும்போது கூட்டுத்தொகை எட்டு வந்தால் அந்த எண்ணை விட்டுவிடுவேன், உண்மைதான். அது தொழில் வழக்கம், மூடநம்பிக்கையில் சேராது.

எங்கள் பனியன் கம்பெனியில் வெட்டிய துணியை இருபது இருபது துண்டாகக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு எண் கொடுப்பது முப்பத்தொரு வருடமாக என் வேலை. நான் எண் சொல்லாமல் ஒரு கட்டும் தையலுக்குப் போகாது. பெரிய முதலாளி நாலு மணி டீயை என் மேஜைக்கு வந்துதான் குடிப்பார். அவர் மகன் பொறுப்புக்கு வந்த பிறகு ஒரு ஆர்டரில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடாகத் தைத்துப் போய்ச் சரக்கு திரும்பிவிட்டது. வேறு வேறு சாயத் தவணையில் வந்த இரண்டு லாட்டிலும் நாற்பத்தேழாம் எண் கட்டு இருந்ததால் மாறிவிட்டதாம். லாட்டுக்கு லாட் ஒன்றிலிருந்து தொடங்குவதுதானே முறை? பார்த்து எடுக்காதவனை அல்லவா கேட்க வேண்டும்? கேட்கவில்லை. புரோகிராம் எழுதுவதற்கு நாசரேத்திலிருந்து ஜெபா என்றொரு பெண்ணைக் கொண்டுவந்தார். இருபத்து நாலு வயது. அவளுக்குக் கண்ணாடி அறை, ஏ.சி. நாலு மணி டீயும் அந்த அறைக்குப் போயிற்று.

அவள் புரோகிராம் எழுதும் திரையில் மேலே ஒரு வரிசை இருக்கும், அதில் ஒரு இடத்தை அழுத்தினால் முப்பத்தாறு எழுத்தில் ஒரு நீள எண் வந்து விழும். எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்த கண்றாவி. அதை ஸ்டிக்கராக அடித்துக் கட்டில் ஒட்டுவதுதான் புது முறை. பழைய பில் தேடுகிற சாக்கில் மூன்று முறை பின்னால் நின்று பார்த்துக்கொண்டேன். இதே எண் மறுபடி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"வராது அய்யா. உலகத்துல எந்தக் கம்ப்யூட்டர்லயும் வராதுல்லா. எட்டு வந்தா ஒதுங்கிப் போவவும் அதுக்குத் தெரியாது."

சின்ன முதலாளி சிரித்தார். என் எதிரிலேயே சிரித்தார்.

சனிக்கிழமை சோதனைக்காக ஒரு சின்ன லாட் வெட்டி, அறுபது கட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இது சரியாக வந்தால் திங்கள் முதல் எண் போடும் வேலை என்னிடமிருந்து போய்விடும். ஒரே ஒரு எண், ஒரே ஒரு முறை திரும்ப வந்தால் போதும், அந்த வேலை எனக்கே திரும்பிவிடும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தூறலில் நனைந்துகொண்டு போனேன்.

ஜெபா திரையை மூடாமலே போயிருந்தாள். உட்கார்ந்து அழுத்தினேன். எண் விழுந்தது. மறுபடி அழுத்தினேன், வேறு எண். நூற்றுப் பதினெட்டு வரை எல்லாமே வேறு வேறு. நூற்றுப் பத்தொன்பதாவது முறை வந்த எண் அதன் பிறகு மாறவில்லை. எத்தனை அழுத்தினாலும் அதுவே. நம்பினால் நம்புங்கள், மின்சாரத்தையே நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் அதுவே. ஏ.சி. ஓடவில்லை, ஆனால் என் கை விறைத்துப் போயிருந்தது. அதை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு கட்டிங் செக்ஷனைத் திறந்தேன். சனிக்கிழமை ஒட்டியவற்றில் அது இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இருந்தது. மேஜையின் ஓரத்தில், தனியாக, அறுபதையும் தாண்டி ஒரு கட்டு. சனிக்கிழமை பூட்டும்போது நானே எண்ணிய அறுபது அது. இப்போது அறுபத்தொன்று. சற்று முன் பிறந்த எண், நேற்றுப் பூட்டிய அறைக்குள் ஒட்டப்பட்டிருந்தது. முப்பத்தாறு எழுத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். தொட்டபோது துணி, இப்போதுதான் இஸ்திரி போட்டது மாதிரிச் சூடாக இருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். முதலாளிக்குப் போன் செய்தேன், அவளையும் கூட்டி வரச் சொன்னேன்.

ஜெபா கம்ப்யூட்டரில் தேடினாள். அந்த எண் அவள் பட்டியலில் இல்லை, ஸ்டிக்கர் மெஷினில் அடித்த தடயமும் இல்லை. அவள் அழுத்தியபோது ஒவ்வொரு முறையும் புது எண் விழுந்தது. அவளுக்கு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது அந்த மெஷின். கட்டிங் மாஸ்டரை வரவழைத்துத் துணியை எடை போட்டார்கள். இறக்கிய துணியும் வெட்டிய அறுபது கட்டும் கழிவும் சரியாகப் பொருந்தின. மீதிக் கட்டு இரண்டரைக் கிலோ, அதே நிறம், எந்த ரோலிலும் இல்லாத துணி.

முதலாளி என் இடுப்புச் சாவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கணக்கய்யா, நீங்களே ஒட்டி வெச்சதா இருந்தாலும் பரவால்லீங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஜெபா அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள், முகம் வெளுத்திருந்தது. என்மேல் இரக்கப்படுகிறாள் என்று நினைத்து அதற்கும் வயிறு எரிந்தது. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, பிறகும் போகவில்லை. "அந்தப் புள்ளைய நெனச்சே எளைச்சுப் போனீங்க, சோறு திங்கறீங்களா இல்லியா" என்று என் மனைவி திட்டுவாள்.

இரண்டு வருடம் கழித்து, கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரப் பையனிடம் அதே புரோகிராம் எழுதும் திரையைப் போடச் சொன்னேன். எதற்கென்று வீட்டில் சொல்லவில்லை. அவன் போன பிறகு ஒரு முறை அழுத்தினேன். முதல் எண்ணே அதுதான்.

ஜெபா கல்யாணமாகி நாசரேத்துக்கே போயிருந்தாள். போன் நம்பர் வாங்கிப் பேசினேன். ஒன்றும் விளக்காமல், திரையைப் பார்த்து எண்ணை வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் என்னை நிறுத்தி, மிச்சம் பதினெட்டு எழுத்தையும் அவளே சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எனக்கு அது மொத நாளே வந்துச்சு அய்யா. நீங்க பாக்கதுக்கு முந்தி. பயந்து அழிச்சிட்டேன், யார்ட்டயும் சொல்லல. நீங்க கட்டிங்ல காட்டினப்பவும் வாயத் தொறக்கல. மன்னிச்சிருங்க."

லைனை வைத்துவிட்டாள். அவள் வாயைத் திறந்திருந்தால் என் வேலை என்னிடமே இருந்திருக்கும், அது ஒரு பக்கம். இன்றைக்கும் படுத்தால் தூக்கம் வராமல் அடிப்பது வேறு. அந்த எண்கூட முதலில் அவளுக்குத்தான் வந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் இருபத்தாறாயிரத்து ஐந்நூறு, நாசரேத்துக்கு எஸ்.டி.டி. முப்பத்து நாலு. ஆக, இருபத்தாறாயிரத்து ஐந்நூற்று முப்பத்து நாலு ரூபாய்.