ஒழுகாத அறை

எனக்குக் கோபம் வந்தால் விசில் ஊதுவேன். உடற்கல்வி ஆசிரியனுக்கு அது ஒரு வசதி. வாய் திறந்து திட்டினால் மெமோ வரும், விசிலுக்கு மெமோ கிடையாது. அந்த ஐப்பசியில் நான் ஊதிய ஊதலில் பள்ளிக்கூடத்து நாய்கூட வரிசையில் போய் நின்றது.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி. நூலகத்தை என் தலையில் கட்டியபோது தலைமையாசிரியர் சொன்ன காரணம்: "நீங்கதான் சார் சும்மா இருக்கீங்க." பொய் சொல்ல முடியாது. என் விளையாட்டு வகுப்புகளைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார், அவர் விட்டால் அறிவியல் ஆசிரியர். நான் பந்துக்குக் காற்றடித்துவிட்டு, அது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

புத்தகங்கள் பீரோவில் இருந்தன. பீரோ பூட்டில் இருந்தது. "வீட்டுக்குக் குடுத்துடாதீங்க. காணாமப் போனா நீங்கதான் பொறுப்பு" என்பது உத்தரவு. புத்தகம் புதுசாக இருந்தால் நூலகம் நன்றாக நடக்கிறது என்று நம்புகிற மனிதர் அவர். தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருகிறவருக்கு வேறென்ன தோன்றும்? நான் மதிய இடைவேளையில் பீரோவைத் திறந்து வைத்தேன். பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து படித்தார்கள். மணி அடித்ததும் பாதியில் பிடுங்கி வைப்பேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், தடிமனான பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றைப் பிடித்திருந்தாள். தினம் அதைப் பிடுங்கும்போது அவள் பார்க்கிற பார்வையில், புத்தகத்துப் பேயே தேவலாம் என்றிருக்கும்.

அறை ஒழுகியது. மனு போட்டுச் சலித்து, ஒரு விடுமுறை நாளில் நானே ஏணி வைத்து ஏறி, விரிசலில் தார் ஊற்றினேன். கூரைக்கு ஊற்றியதைவிட என் பேண்டுக்கு ஊற்றியது அதிகம். அதோடு நின்றேனா? "ஸ்கூல்லயே ஒழுகாத ஒரே ரூம் நம்ம லைப்ரரிதான்" என்று டீக்கடை வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

ஊரே கேட்டுவிட்டது.

குறுவை அறுப்பு முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளியை ஒட்டித்தான் நெல் கொள்முதல் நிலையம். நிலையம் என்றால் ஒரு கொட்டகை, ஒரு தராசு, சுற்றிலும் திறந்த வெளி. எடை போட்டு வாங்கிய மூட்டைகளை ஏற்றிப்போக லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை. வருஷா வருஷம் இதே மழை, இதே மூட்டை, இதே பதில். யாரோ யாருக்கோ போன் போட்டார்கள். மறுநாள் நான் போனபோது என் பீரோ வராந்தாவில் சாரலில் நின்றுகொண்டிருந்தது. அறைக்குள் கூரையைத் தொடும் அளவுக்கு நெல் மூட்டை.

விசிலை வாயில் வைத்தேன். அதற்குள் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மா சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பேய்க்கதைப் பெண்ணின் தாயார்.

"கோச்சுக்காதீங்க சார். எங்களோடதும் இன்னும் எடை போடாம வெளியில கெடந்துச்சு, அதையும் உள்ள தள்ளிட்டோம். நெல்லு நனைஞ்சா மொளச்சிரும்."

"புத்தகம் நனைஞ்சா?"

"அது மொளைக்காதுல்ல சார்."

நாலு மாதம் சேற்றில் நின்ற காலைப் பார்த்து விசில் ஊத முடியுமா? கோபத்தை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். கட்டடத்தில் கணினி அறை இருக்கிறது, அவருடைய அறை இருக்கிறது, ஆசிரியர்கள் வடை தின்ன ஓர் அறை இருக்கிறது. எது வந்தாலும் முதலில் காலியாவது நூலகம்தான்.

"அங்க யாரு சார் இருக்கா?" என்றார். "பீரோவுக்கு மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு விடுங்க. நெல்லு போனதும் பாத்துக்கலாம்."

யாரு இருக்கா. தட்டைக் கழுவிவிட்டு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வருகிற அத்தனை பேரும் அவர் கணக்கில் யாருமில்லை.

கடைசி மணிக்கு முன்னால் பீரோவைத் திறந்தேன். ஆளுக்கு நாலைந்து புத்தகம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நனையக்கூடாது, அவ்வளவுதான்." முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் நகைக்கடைப் பையிலும் உரச்சாக்கிலும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பேய்க்கதை முதலில் போனது.

மறுநாள் தலைமையாசிரியர் காலிப் பீரோவுக்கு முன்னால் நின்றார். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"நெல்லை யாரைக் கேட்டு வச்சீங்களோ, அவங்களைத்தான் சார்."

மெமோ வந்தது. என் பணிக்காலத்தில் நான் உண்மையாகவே சம்பாதித்த மெமோ அது ஒன்றுதான்.

தீபாவளி கழிந்து லாரி வந்தது. அறையில் பதரும் வண்டும் எலிப் புழுக்கையும் மிச்சம். பிள்ளைகளே கூட்டினார்கள். புத்தகங்கள் திரும்பி வந்தன, மூலை மடங்கி, எண்ணெய் பட்டு, ஒன்றில் சோற்றுப் பருக்கை ஒட்டி. இரண்டொன்று வரவில்லை, என்னைத்தான் கேட்பார்கள், கேட்கட்டும். தலைமையாசிரியர் ஒன்றைப் பிரித்து முகம் சுளித்தார். "என்ன சார் இப்படிக் கந்தலாக்கி வச்சிருக்காங்க?"

"படிச்சிட்டாங்க சார்."

அந்த வாரமே வாசலில் இன்னொரு லாரி, நிறைய இலவச சைக்கிள். நல்ல மழை. மதிய இடைவேளை, அறை நிறையப் பிள்ளைகள். தலைமையாசிரியர் குடையோடு வராந்தாவில் வந்து நின்று, என் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"உள்ள வராதீங்க சார்" என்றேன். "தார் விட்டுப்போச்சு. கருப்பாச் சொட்டுது. உங்க சட்டை பாழாயிடும்."

"அன்னைக்கு ஒழுகலைன்னீங்களே?"

எனக்கு அடுத்த பொய் அவ்வளவு வேகமாக வராது. காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்த ஒன்பதாவதுப் பெண் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். பேய்க்கதையைத் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இங்கயும் சொட்டுது சார்" என்றாள்.

உடனே பக்கத்தில் இருந்தவளும் தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் அறையே தள்ளி உட்கார்ந்தது. தலைமையாசிரியர் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சைக்கிள்களைக் கணினி அறைக்கு அனுப்பினார்.