போன வருஷத்துத் தண்ணீர்

கடைக்கு முன்னால் படாளம் போகிற ரோடு, பின்னால் ஏரிக்கரை. நடுவில் பரோட்டாக் கல், டீ பாய்லர், என் வாய். மூன்றில் ஊருக்குள் பேர் போனது கடைசிதான். கல் சூடாவதற்குள் நான் நாலு பேரையாவது திட்டி முடித்திருப்பேன் என்பார் என் வீட்டுக்காரர். அபாண்டம். மழை நாளில் கல் சூடாக நேரமாகும், ஐந்தாறு பேர் ஆகும்.

தூண்டிலை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் விடிந்ததும் பாய்லரைப் பற்றவைத்துவிட்டுக் கரைமேல் ஏறி ஏரியை ஒரு பார்வை பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது. எங்கள் ஏரி தனி ஏரி இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் வழிந்து மறுபடி ஆற்றுக்கே போகும். அதனால் மேற்கே எங்கேயோ பெய்த மழைக்கு இங்கே தண்ணீரின் நிறம் மாறும். நேற்றுப் பார்த்த ஏரியை இன்றைக்கு நம்ப முடியாது.

வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஆட்களில் பாதிப் பேருக்குத் தூண்டில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் கரையில்தான் கிடப்பார்கள். என் கடைப் பரோட்டா மாவில் ஒரு உருண்டை வாங்கிக்கொண்டு போய்த் தூண்டில் முள்ளில் வைப்பார்கள். அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, ஏரி எப்படி இருக்கிறதென்று தினமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்து, காலையில் கரைமேல் நின்றபடியே பேசி அனுப்பத் தொடங்கினேன்.

டீக்கடைக்காரிக்கு நிறமென்றால் டீதான். தெளிந்து கருத்த தண்ணீர் டிகாஷன். ஆற்றிலிருந்து புதுசாக வந்து கலங்கின தண்ணீர் பால் டீ. டிகாஷன் என்றால் மாவு போதும், மீன் கண்ணால் பார்த்தே வரும். பால் டீயில் மீனுக்குக் கண் தெரியாது, மாவும் ஓட்டத்தில் கரைந்துவிடும். அதற்கு மண்புழுதான், வாசனைக்கு வரும். இவ்வளவுதான் என் சாஸ்திரம்.

"இன்னிக்கு தண்ணி டிகாஷன். காத்து கெழக்கால இருந்து அடிக்குது. கெண்ட கரையோரமா மேஞ்சிகினு கீது. மாவே போதும். எவனாவது பிளாஸ்டிக் கவர கரையில வுட்டுட்டுப் போனீங்கோ, தோசக் கரண்டியாலயே சாத்துவேன்." இந்த மாதிரி. திட்டு இல்லாத நாளில், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் போயிற்று. கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் குரல் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடியதாம். "கொஞ்ச நாளைக்குப் பேசாதீங்கம்மா. அப்புறம் மெதுவா பேசிப் பாருங்க. குரல் வந்துடும்னுதான் நெனைக்கிறேன். பழைய மாதிரியே வருமான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன்.

பேசக் கூடாத நாள் முடிந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் என் பேரைச் சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் பம்பில் போகிற மாதிரி வெறும் காற்று போனது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் இருக்கும்வரை குரல் உள்ளே எங்கேயோ இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கலாம். பேசிப் பார்த்து, இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வேன்? டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் பேசச் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன். பயம், வேறொன்றுமில்லை.

கடையில் பெரிய கூத்து. குரல் போனது எனக்கு. ஆனால் சாப்பிட வந்தவர்களும் கையை ஆட்டித்தான் பரோட்டா கேட்டார்கள். காது நன்றாகத்தானே கேட்கிறது, வாயைத் திறந்து கேளேண்டா என்று கத்த வேண்டும் போலிருக்கும். கரண்டியால் கல்லில் ஒரு தட்டு தட்டுவேன்.

ஏரி ரிப்போர்ட்டை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார், என் போனிலேயே பேசி அனுப்புவார். மனுஷர் தங்கமானவர், ஆனால் தண்ணீருக்கும் தாருக்கும் வித்தியாசம் தெரியாது. "தண்ணி கீது. மீனும் கீது. வாங்க." முதல் நாளும் இதுதான், மறுநாளும் இதுதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பேன். "இன்னா மொறைக்கிற? மீன் இல்லன்னா சொன்னேன்?" என்பார்.

ஒரு வாரம் மேற்கே நல்ல மழை. கால்வாயில் ஆற்றுத் தண்ணீர் திபுதிபுவென்று வந்து, ஏரி முழுக்கப் பால் டீ ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், வந்த அத்தனை பேரும் மாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒருத்தன் கையிலாவது புழு இருக்க வேண்டுமே. வெயில் ஏறியும் ஒரு பொடிக் கெண்டைகூட விழவில்லை. எனக்கு உள்ளே கொதித்தது. கரையிறங்கிப் போய்த் தண்ணீரைக் காட்டினேன், மாவைக் காட்டினேன், சுண்டுவிரலைப் புழு மாதிரி நெளித்துக் காட்டினேன்.

"கை இன்னா சுளுக்கிக்கிச்சா அக்கா?" என்றான் ஒருவன். இவனை என்ன செய்ய?

அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் வெல்டர், அந்தக் கூட்டத்திலேயே பழைய ஆள். அவன் கையிலிருந்த மாவுருண்டையைப் பிடுங்கி ஏரியில் எறிந்தேன். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"இன்னாக்கா நீ? நீதான மாவு எடுத்துகினு வரச் சொன்ன!"

நானா? மார்பில் கைவைத்துக் கேட்டேன். அவன் போனை எடுத்துத் தட்டினான். கரை முழுக்கக் கேட்கிற மாதிரி என் குரல் வந்தது. கணீரென்று, அதிகாரமாக. தண்ணி டிகாஷன், மாவே போதும், கவர வுட்டுட்டுப் போனா சாத்துவேன்.

"அண்ணாத்த போடற ரிப்போர்ட்ல ஒன்னும் வெளங்கலக்கா," என்றான் வெல்டர், இப்போது கொஞ்சம் கூச்சத்தோடு. "அதான் போன வருஷம் இதே மாசத்துல நீ போட்டத தேடி எடுத்து, பஸ்ல டெய்லி கேட்டுகினு வரோம். அதுல நீ மாவுன்னுதான் சொல்ற."

அடப் பாவிகளா! போன வருஷம் இந்த மாதம் மழையே இல்லை. கால்வாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இவர்களும்தானே வந்து உட்கார்ந்திருந்தார்கள்? கண்ணெதிரே ஏரி கலங்கிக் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு என் குரல் சொன்னதை நம்பி மாவை உருட்டியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. யாருக்கும் முகம் காட்டாமல் கடைக்கு ஓடிவந்துவிட்டேன். என் குரலை நானே கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. என் பழைய குரல் தன்பாட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டு இந்த அப்பாவிகளுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை மறுத்துப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் சொன்னால் ஒருவனும் கேட்க மாட்டான்.

சனிக்கிழமை காலை கரைமேல் ஏறினேன். தண்ணீர் இன்னும் பால் டீதான். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, பிஸ்மில்லாஹ் என்றேன். பாதி காற்று. மீதி, சிமெண்டுத் தரையில் ஸ்டூலை இழுக்கிற சத்தம். என்னுடையதே இல்லை. ஆனாலும் அது சத்தம். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தாமல் பேசினேன்.

"தண்ணி பால் டீ. கால்வா இன்னும் வந்துகினு கீது. கெளுத்தி கால்வா வாய்கிட்ட கீது. புழு எடுத்துகினு வாங்க. மாவோட எவனாவது வந்தான், அந்த மாவ அவன் வாயிலயே அடைப்பேன்."

திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். கேட்டிருந்தால் அழித்திருப்பேன்.

முதல் பதில், பேசியது என் வீட்டுக்காரர் என்று நினைத்து ஒருவன் போட்டது. "இன்னா அண்ணாத்த, ஜலதோஷமா?" போனை அணைத்துவிடப் போனேன். அடுத்தது வெல்டருடையது. "டேய், அண்ணாத்தைக்கு பால் டீ நெறம்லாம் தெரியுமாடா? இப்பிடி திட்டத்தான் வருமா? இது அக்காடா!"

அப்புறம் போன் நிற்கவே இல்லை. அக்கா, அக்கா, அக்கா. அதற்கு நடுவில் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ந்தா, நீயா பேசுன?"

"ஆமா."

"இன்னொரு தபா பேசு."

"பஸ்ஸு ஓட்டிகினா போன் பண்றீங்க?"

"ஓரங்கட்டிட்டேன். பேசு."

"கம்பெனிக்கு லேட்டாவுது, வண்டிய எடுங்க மொதல்ல!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. பஸ் முழுக்க ஓவென்று சத்தம். அந்த இரைச்சலுக்குள் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் எல்லாரும் டப்பா டப்பாவாகப் புழுவோடு வந்து இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் பை நிறையக் கெளுத்தி. எனக்கென்று தனியாக ஒரு விராலைக் கட்டி எடுத்துவந்து கொடுத்தான் வெல்டர். வாயைத் திறந்துதான் பரோட்டா கேட்டான். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தப் பாழும் தொண்டையிலிருந்து வந்ததை, இது அக்காதான் என்று அடையாளம் கண்டுகொண்ட மனுஷர்களைக் கொடுத்தாயே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வெல்டர் போனை நீட்டினான். "அக்கா, போன வருஷத்து ரிப்போர்ட்டுங்க இன்னும் இதுல கீது. நல்லா கணீர்னு கீது. வச்சிக்கட்டுமா, அழிச்சிடட்டுமா?"

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கரைக்குப் பின்னால் கால்வாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழிடா," என்றேன், ஸ்டூல் இழுக்கிற அதே குரலில். "அது போன வருஷத்துத் தண்ணி."