பண்ணைக் காருக்கு வைத்த மூக்கு

"ஏங்க, ஒரு காருக்கு எத்தனை மூக்குதான் வைப்பீங்க?"

மெஹராஜ் பேகம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் மூஸா, அந்தக் காரின் சைலன்சர் குழாயில் இரண்டாவது முறையாக, புகையை மோந்து பார்க்கும் சென்சாரைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

அது பெரிய பண்ணையின் பழைய திறந்த கார். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணை கரைந்த பிறகு கோழிகள் அடைந்து கிடந்த அதை, சார்ஜாவில் மெக்கானிக்காக இருந்து திரும்பிய மூஸா வாங்கி ஓடவைத்தார். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்களை, மண்டபத்திலிருந்து கோயில் வரை ஊர்வலமாக அழைத்துப்போவதுதான் அதன் வேலை. போன தை மாதம் சன்னதித் தெரு நடுவில் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. நீண்ட ஆயுள் வேண்டி வந்த தம்பதி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் யாரும் காரைக் கூப்பிடவில்லை.

தன் அறுபதாம் கல்யாணத்துக்குக் கேட்டு ஐயாவு மட்டும் வந்தார். காங்கிரஸ் ஆட்சி மாறிய புதிதில், கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு நடந்த போராட்டத்தில் இதே காரின் முன்னால் படுத்து மறித்த விவசாயத் தொழிலாளி.

"இந்த வண்டிதான் வேணும் பாய். அன்னைக்கு முன்னாடி படுத்தேன், இப்ப உள்ள உக்காரணும்."

"வழியில நின்னுடுச்சுன்னா அண்ணே?"

"ஐயாவு ஏறினதும் பண்ணை வண்டி கோச்சுக்கிச்சுன்னு ஊரே சிரிக்கும். அதை மட்டும் பாத்துக்குங்க."

அன்றிலிருந்து மூஸாவுக்குத் தூக்கம் இல்லை. கார்புரேட்டரைக் காதை வைத்துத் திருகினால் போதாது. புகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். உடைந்த புதுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சென்சாரை முதலில் வைத்தார். அது ஓயாமல் 'பெட்ரோல் அதிகம்' என்றது. அவரும் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் இன்ஜின் விக்கி விக்கி இழுத்தது.

விடுமுறையில் வந்திருந்த மெஹராஜின் தம்பி ஜெக்கரியா சிரித்தான்.

"மச்சான், ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காத்து பதினாலே முக்கால் பங்கு. அதுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு மட்டும்தான் இது சொல்லும். நம்ம கிழட்டு இன்ஜின் பதிமூணுல நின்னாத்தான் சொகமா உறுமும். இதுக்குப் பதிமூணும் ஒண்ணுதான், பத்தும் ஒண்ணுதான்."

பொய் சொல்லாதவன் முழு உண்மையையும் சொல்லிவிட்டான் என்று ஆகிவிடாது. அந்தச் சென்சார் பொய் சொல்லவில்லை; 'எவ்வளவு' என்ற கேள்வி அதனிடம் எடுபடவில்லை, அவ்வளவுதான். ஜெக்கரியா சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த வைட்பேண்ட் சென்சார், காற்று எத்தனை பங்கு என்று எண்ணிலேயே காட்டியது. அதன் வட்ட மீட்டரை ஸ்டீயரிங் பக்கத்தில் திருகினார்கள். ஊர்வல ஒத்திகைக்கு, நாதஸ்வரக்காரர்போல மெஹராஜ் முன்னால் நடந்தாள். அவள் நின்றால் கார் நின்றது, நடந்தால் ஊர்ந்தது. மீட்டர் பதிமூன்றைவிட்டு அசையவில்லை.

"யா அல்லா, நின்னுடுச்சு!" என்று மூஸா கத்தினார். மீட்டர் பதிமூன்றில் நின்றதைச் சொன்னார். மெஹராஜ் கார்தான் நின்றுவிட்டதென்று நினைத்துப் பதறி ஓடிவந்தாள்.

ஊர்வலத்தன்று தவில் முழங்கியது. ஐயாவுவும் அவர் மனைவி நாகரத்தினமும் மாலையும் கழுத்துமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தெரு தாண்டவில்லை. மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது. அப்புறம் பதினொன்று. இன்ஜின் கனைத்தது.

"என்ன பாய், கோச்சுக்குதா?" என்றார் ஐயாவு.

நேற்றுவரை இல்லாதது இன்று என்ன? மூஸா நிமிர்ந்து பார்த்தார். பானெட் முழுக்கப் பூச்சரம். முன்பக்கக் கம்பி வலையை மூடி, பம்பர்வரை மல்லிகைத் திரை. காற்று உள்ளே போக வழியில்லை. வெந்து மெலிந்த காற்றைத்தான் கார்புரேட்டர் குடிக்கிறது, பெட்ரோல் மட்டும் குறையவில்லை. போன தையிலும் இதேதான்! பூச்சாத்திவிட்டு எவன் வண்டியை ட்யூன் பண்ணுவான்?

"பூவை எடுக்கணும்! முன்னாடி இருக்கிற பூவை எடுங்க!"

ஐயாவுவின் மகன் கோவிந்தராசு பதறினான். "சாத்தின பூவை நடுத்தெருவுல பிச்சு எறியறதா? அபசகுனம் பாய்!"

மீட்டர் பத்தரை. கார் குலுங்கியது.

"எறிஞ்சாத்தானேடா அபசகுனம்?" நாகரத்தினம் எழுந்தே நின்றுவிட்டாள். "தலையில வச்சா? ஏ பொண்ணுங்களா, வாங்கடி, ஆளுக்கு ஒரு மொழம்!"

பெண்கள் சிரித்துக்கொண்டு பாய்ந்தார்கள். கிழவிகளும் விடவில்லை. ஊர்ந்துகொண்டிருந்த காரிலிருந்து சரம் சரமாக மல்லிகை கூந்தலுக்கு ஏறியது. ஜெக்கரியாவின் காதிலும் யாரோ ஒரு சாமந்தியைச் செருகினார்கள். கம்பி வலை வெளியே தெரிந்தது.

பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு.

"ஏறுது! ஏறுது!" என்று மூஸா கூவினார். எது ஏறுகிறது என்று தெரியாமலே ஊர்வலம் முழுக்க "ஏறுது" என்றது. தவில்காரர் அதையே தாளமாக்கினார்.

கோபுர வாசலில் இன்ஜின் சுகமாக உறுமிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்ப மூஸாவுக்கு மனம் வரவில்லை. பின்னாலிருந்து ஐயாவு கையை உயர்த்தினார்.

"இப்ப நிறுத்துங்க பாய். இந்த வண்டி அன்னைக்கும் நான் சொல்லித்தான் நின்னுச்சு."

மீட்டர் பதிமூன்றில் இருந்தது. மூஸா நிறுத்தினார்.