சத்தத்தை வாடகைக்கு விடுகிறவர்

எங்கள் கடைவீதியில் சத்தம் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமோ பொதுக்கூட்டமோ கடைதிறப்போ, ஒலிபெருக்கிகளையும் மேடைத் திரைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மைக்செட் மாமா வந்துவிடுவார். வீதியில் எல்லோருக்கும் அவர் மாமாதான். அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பதால் இதில் யாருக்கும் விலக்கில்லை. ஊரையே அதிரவைக்கிற அந்த மனிதர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். வீட்டில் டிவி கூடச் சன்னமாகவே ஓடும்.

அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு உதவ, இந்த வீதிக் கடைக்காரர்கள் ஒரு குழு நடத்துகிறார்கள். காசு கேட்பதில்லை. உன் கடையில் இருப்பதைக் கொடு என்பதுதான் ஏற்பாடு. கண்ணாடிக் கடைக்காரர் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பார். தையற்கடை அக்கா சீருடையைப் பிரித்துப் பெரிதாக்கித் தருவார். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதோடு வாத்தியார்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்பார்கள். அதைப் பள்ளிகளுக்குப் போய்க் கேட்டுவருகிற வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கியபின் என்ன செய்வது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. உதவி செய்யத்தான் குழுவில் சேர்ந்தேனா, 'இப்ப என்ன பண்றே?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லச் சேர்ந்தேனா என்று இன்னும் எனக்கே தெளிவில்லை.

அப்படி ஒருநாள் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம், "உங்களுக்கு என்ன டீச்சர் வேணும்?" என்று கேட்டேன்.

"குரல்," என்றார். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

தொண்டைக்குள் வீக்கம். இனியும் கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் சரியாகாவிட்டால் டீச்சரை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டு, வகுப்பை வேறொருவரிடம் கொடுப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அவர்மேலும் தப்பில்லை. எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைகள் காதால்தானே முதலில் படிக்கிறார்கள்.

"ஆபீஸ்ல உக்காரவா இத்தனை வருஷம் கத்தினேன்?" என்றார் டீச்சர்.

அவர் கத்தியதற்குக் காரணம் அந்தக் கட்டடம். தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கூடம். தோளுயரத்துக்குப் பலகை அடித்து அதை நான்கு வகுப்பாக்கியிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே பஸ் போகும் சாலை.

நான் போய்ச் சொன்னதும் மாமா யோசிக்கவே இல்லை. "இதுக்கா இவ்வளவு கவலை? நம்மகிட்ட இல்லாத மைக்கா?" மறுநாளே டீச்சரின் கழுத்தருகே ஒரு சின்ன மைக்கும் மேசைமேல் ஒரு பெட்டியும் வந்துவிட்டன.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டாம் வகுப்பு வாத்தியார் குரலை உயர்த்தினார். அவருக்கு மேல் மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று மைக்கில் கேட்டார். அதே நேரம் கூடத்தின் மறுகோடியில் நாலாம் வகுப்பு வாத்தியார், "ஏழெட்டு எவ்வளவு?" என்றார்.

"பூனை!" என்றது மொத்தக் கூடமும்.

தலைமையாசிரியை வந்து நிற்பதற்குள் மாமாவே ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை, அதாவது அவர் மனைவி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தாப்ல இருக்கு மாமா உங்க கதை. காலமெல்லாம் சத்தம் வித்த ஆளு வேற என்னத்தக் குடுப்பீங்க?"

"கேலி பண்ணாதடி," என்றார் மாமா. கோபமில்லை. பிடுங்கிவந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "நீ சொல்றது சரிதான்," என்றார்.

இந்த இடம்தான் எனக்கு அவரிடம் பிடித்தது. நான் என்றால் அந்தப் பள்ளிப் பக்கமே கொஞ்சநாள் போயிருக்கமாட்டேன். அவர் அடுத்த நாளே போய் ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டு மணி வரை அசையவில்லை. தூங்குகிறார் என்று பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிச் சிரித்தன.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "பட்டதாரி, டீச்சர் குரல் சின்னது இல்லம்மா. மத்த சத்தமெல்லாம் பெருசு. நான் கூட்டப் பாத்தேன், கொறைக்கணும்."

குழு கூடியபோது டயர் கடைக்காரர் கையை விரித்தார். "பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு மாமா? ஓட்ட ட்யூபுதான் இருக்கு."

"அதத்தான் கேக்குறேன். குடு."

ட்யூபை வெட்டி ஒன்றாம் வகுப்பின் ஒவ்வொரு பெஞ்சுக் காலுக்கும் உறை போட்டோம். தரையில் இழுத்தாலும் கீச்சிடவில்லை. தையற்கடையின் வெட்டுத் துணியைச் சாக்குகளில் அடைத்து, மின்கம்பி போகும் பக்கத்தை விட்டுத் தள்ளி, தகரத்துக்கு அடியில் வரிசையாகக் கட்டினோம். அந்த வகுப்பின் பலகைக்கு மேல் கூரை வரைக்கும் சத்தம் தாண்டிவரும் இடைவெளியை அடைக்கக் கனமான துணி வேண்டியிருந்தது. மாமா தன் பழைய மேடைத் திரைகளை எடுத்து உதறினார்.

"அந்தத் தூசில பிள்ளைங்க தும்மியே சாகும். புதுசையே எடுங்க," என்றார் அத்தை.

"அது வாடகைக்குப் போறதுடி."

"ஏன், வாத்தியார் வேலைக்குப் போகக் கூடாதா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். புதுத் திரைகள் வண்டியில் ஏறின.

விடுமுறை முழுவதும் இந்த வேலை நடந்தது. டீச்சர் தினமும் வந்தார். வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கையை ஆட்டியே எங்களை வேலை வாங்கினார். "பேசாம இருக்கும்போதே இந்த அதிகாரம்," என்றார் டயர் கடைக்காரர். டீச்சர் ஒரு துணிச்சாக்கை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை ஒன்றாம் வகுப்புக்குப் பின்னால் வந்து நின்றார். மாமாவும் நானும் வாசலில் நின்றோம். டீச்சரின் குரல் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. வீட்டில் சாப்பாடு போடும்போது பேசுகிற அளவுதான் வந்தது. அந்த அளவிலேயே ஒரு கதையைத் தொடங்கினார். கதையில் வந்த ஆட்டுக்குட்டி தொலைந்துபோன இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

"அப்புறம் கெடச்சுதா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குழந்தை கேட்டது. அதுவும் கத்தவில்லை.

மாமா அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன். நானும்தான். பலத்த மழைக்கு மட்டும் எங்களிடம் மருந்தில்லை. அது கொட்டினால் இன்றும் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் படம் வரையச் சொல்லிவிடுகிறார்.

தலைமையாசிரியை எங்களைத் தாண்டிப் போகும்போது, "ஆபீசுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார். அவர் பின்னாலேயே நாலாம் வகுப்பு வாத்தியார் ஓடி வந்தார்.

"மாமா, எங்க பக்கம் எப்ப வர்றீங்க?"

"தெரை தீந்துபோச்சு சார்," என்றார் மாமா. பிறகு கூடத்தின் மறுகோடிக்கு நடந்துபோய் அந்த வகுப்பை எட்டிப் பார்த்து, கூரையைக் கண்ணால் அளக்க ஆரம்பித்தார்.